உண்டியலுக்கு ஒரு நீதி, ரசீதுக்கு ஒரு நீதியா?

புதிய வருமான வரிச் சட்டத்தில் 536 பிரிவுகள் இருக்கின்றன. 2025 ஆகஸ்ட் 11 அன்று மக்களவை அதை விவாதமே இல்லாமல், சில நிமிடங்களில் நிறைவேற்றியது. பிகார் வாக்காளர் பட்டியல் விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டுக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்குள்ளேயே காரியம் முடிந்துவிட்டது. மறுநாள் மாநிலங்களவை, ஆகஸ்ட் 21 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சம்பளக்காரர்கள் வரி அடுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். வணிகர்கள் டிடிஎஸ் விதியைப் பார்த்தார்கள். உண்டியல் என்ன ஆயிற்று என்று பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் நானும் ஒருவன். பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

பிப்ரவரியில் வந்த முதல் மசோதா ஒரு சின்ன வேலை செய்திருந்தது. பெயர் சொல்லாதவர்கள் தரும் நன்கொடைக்கான வரி விலக்கை, முழுக்க முழுக்கச் சமயப் பணிக்காக அமைந்த அமைப்புகளோடு நிறுத்திக்கொண்டது. சமயப் பணியையும் அறப்பணியையும் சேர்த்துச் செய்யும் அறக்கட்டளைகளுக்கு 1961 சட்டத்தில் இருந்த விலக்கு அதில் இல்லை. ஆட்சேபங்கள் கிளம்பின. பைஜயந்த் பாண்டா தலைமையிலான 31 பேர் கொண்ட தேர்வுக் குழு ஜூலை 21 அன்று அளித்த அறிக்கையில் 285 பரிந்துரைகள். விலக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்பதும் அவற்றில் ஒன்று. ஆகஸ்டில் வந்த திருத்திய மசோதாவில் விலக்கு பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது.

இந்த ஆறு மாதத்தில் ஒரு தரப்பைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. எந்தச் சாமியின் பெயரையும் பலகையில் எழுதிக்கொள்ளாத தொண்டு நிறுவனம் அது.

அதற்கு என்ன விதி? 1961 சட்டத்தில் 2006 நிதிச் சட்டம் சேர்த்த 115பிபிசி பிரிவைப் பாருங்கள்; புதிய சட்டமும் அதைத் தொடர்கிறது. பெயரும் முகவரியும் பதிவாகாத நன்கொடை, மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. கோயில், மசூதி, தேவாலயம், குருத்வாராவுக்கு இது கிடையாது. இரண்டு பணியும் செய்யும் அறக்கட்டளைக்கும் கிடையாது. ஆனால், அங்கே ஒரு கொக்கி உண்டு. பெயர் சொல்லாதவர் ‘இது உங்கள் மருத்துவமனைக்கு’ என்றோ ‘இது உங்கள் கல்லூரிக்கு’ என்றோ குறிப்பிட்டுக் கொடுத்தால் அந்தப் பணத்துக்கு வரி உண்டு. இந்த வாக்கியத்தை வாசகர்கள் இன்னொரு முறை படிக்கலாம். விமானத்துக்குத் தங்க முலாம் பூச யாரோ ஒருவர் மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினால் அரசுக்கு ஒரு பைசா வேண்டாம். அதே வளாகத்தில் ஏழைக்கு டயாலிசிஸ் செய்யும் படுக்கைக்கென்று கொட்டினால் நூற்றுக்கு முப்பது கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

கல்லூரிகள் வாங்கும் கேபிடேஷன் கட்டணத்தைப் பிடிக்க விரித்த வலை அது என்பார்கள். இருக்கட்டும். கறுப்புப் பணத்துக்குக் கல்லூரிக்குப் போகும் வழி தெரியும், கோயிலுக்குப் போகும் வழி மட்டும் தெரியாதா?

தேர்வுக் குழு சொன்ன காரணம் இன்னும் வேடிக்கை. காலங்காலமாக உண்டியலில் போடுகிறார்கள், போட்டவர் யார் என்று கண்டுபிடிப்பது நடக்காத காரியம் என்கிறது. தெருமுனையில் பானிபூரி விற்பவர் க்யூஆர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கும் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதியிருக்கிறார்கள். உண்டியலுக்குப் பக்கத்திலேயே இன்று க்யூஆர் பலகை இருக்கிறது. யார் போட்டது என்று தெரிய வேண்டாம் என்று நினைக்கிறவருக்குத்தான் உண்டியல் தேவைப்படுகிறது.

தெற்கு டெல்லியில் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளையை நடத்துபவர் எனக்குத் தெரிந்தவர். வகுப்பறை வாசலில் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். ஆடிட்டர் வந்தார், பெட்டியைப் பார்த்தார். “சார், இதை எடுத்துடுங்க. இல்லேன்னா உள்ளே ஒரு பிள்ளையார் படத்தை வெச்சு, ட்ரஸ்ட் டீடையே மாத்திடுங்க” என்றார். பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். பெட்டி இப்போது பரணில் கிடக்கிறது.

இனி, நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கும் கணக்குக்கு வருகிறேன். டெல்லி எல்லையைத் தாண்டியதும் சோனிபத்தில் இருக்கும் அசோகா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று, இந்தியக் குடும்பங்கள் யாருக்கு எவ்வளவு கொடுக்கின்றன என்று நாடு முழுக்கக் கேட்டுப் பார்த்தது. 2020-21-க்கான மதிப்பீடு ஏறத்தாழ 23,700 கோடி ரூபாய். கொரோனா உச்சத்தில் இருந்த ஆண்டு அது என்பதை மறந்துவிட வேண்டாம். இதில் மூன்றில் இரண்டு பங்கு அளவு சமய அமைப்புகளுக்குப் போயிற்று. சமயம் சாராத அமைப்புகளுக்குப் போனது 5 சதவீதம் அளவுக்குத்தான். தெருவில் கையேந்துகிறவர்களுக்குக் கிடைத்தது இதைவிட இரண்டு மடங்குக்கு மேல்!

இந்த எண்ணை வைத்துக்கொண்டு கொஞ்சம் உட்காருங்கள். இந்தியக் குடும்பம் ஒன்று நூறு ரூபாயை எடுத்து வெளியே கொடுக்கிறது. அறுபது, எழுபது ரூபாய் சன்னிதிக்கு. பத்துப் பன்னிரண்டு ரூபாய் சிக்னலில் நிற்கும் கைக்கு. கொஞ்சம் உறவினருக்கு, கொஞ்சம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு. பழைய துணியைச் சேகரித்து அதைக் கிராமத்து உழைப்புக்குக் கூலியாக மாற்றிக்காட்டிய ‘கூஞ்ச்’ டெல்லியில் 1999-ல் தொடங்கியது. அதன் நிறுவனர் அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கொடுத்தார்கள். ‘சலாம் பம்பாய்’ படத்தின் வருவாயிலிருந்து 1988-ல் முளைத்த சலாம் பாலக் அறக்கட்டளை, ரயில் நிலையத்துப் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தியது. இப்படிப்பட்டவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து அந்தக் குடும்பம் எடுத்துவைப்பது ஐந்து ரூபாய். அந்த ஐந்து ரூபாய்க்குத்தான் ரசீது, பான் எண், 80ஜி சான்றிதழ். அறுபது ரூபாய்க்கு இரும்புப் பெட்டியின் வாய் திறந்தே இருக்கிறது.

பக்திமான்கள் இந்த எண்ணைப் பார்த்து மார்தட்டுவார்கள்: பாருங்கள், இந்த மண்ணில் தருமம் என்றாலே சமயம்தான்! அவசரப்பட வேண்டாம். சமய அமைப்புக்குப் போன பணமெல்லாம் சோறாகவும் மருந்தாகவும் மாறிற்று என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. அதில் தங்கக் கவசம் எவ்வளவு, தேர் எவ்வளவு, பளிங்குத் தரை எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது.

பகுத்தறிவுப் பக்கத்து நண்பர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சாமி கும்பிட்டு வளர்கிற பிள்ளை சுயநலக்காரனாக வளர்கிறது என்று மேடைக்கு மேடை ஓர் ஆய்வைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். சிகாகோவின் ஜான் டெசெட்டியும் அவரது குழுவும் 2015-ல் ‘கரன்ட் பயாலஜி’ இதழில் வெளியிட்டது. அமெரிக்கா, கனடா, சீனா, ஜோர்டான், துருக்கி, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள். 5 வயதிலிருந்து 12 வயது வரை 1,170 பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஸ்டிக்கர்களைக் கொடுத்து, முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு எத்தனை தருவாய் என்று கேட்டார்கள். சமயக் குடும்பத்துப் பிள்ளைகள் குறைவாகக் கொடுத்தார்கள் என்று முடிவு வந்தது. உலகப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. உளவியல் ஆய்வாளர் அசீம் ஷரீஃப் தரவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நாடுகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்திருந்தார்கள் அல்லவா, கணினியில் அதை அடையாள எண்ணாகக் கொள்ளாமல் அளவாகவே கணக்கில் சேர்த்துவிட்டிருந்தார்கள். அதாவது கனடா அமெரிக்காவைப் போல இரண்டு மடங்கு நாடு! பிழையைத் திருத்தியதும் தலைப்புச் செய்தியான முடிவு கரைந்துபோயிற்று. ஷரீஃபும் மைக்கேல் முத்துகிருஷ்ணா உள்ளிட்டவர்களும் 2016-லேயே மறுப்பை எழுதிவிட்டார்கள். மூல ஆய்வு 2019-ல் திரும்பப் பெறப்பட்டது. நம் மேடைகளில் மட்டும் அது இன்னும் உயிரோடிருக்கிறது. மூடநம்பிக்கை ஒரு பக்கத்தாருக்கு மட்டும் சொந்தமில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் ஆய்வு கிடைத்தது. ஹார்வர்டைச் சேர்ந்த யிங் சென், டைலர் வாண்டர்வீல் இருவரும் 2018-ல் வெளியிட்டது. சிறுவயதில் வாரந்தோறும் வழிபாட்டுக்குப் போய்வந்த அமெரிக்கப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு தொண்டு வேலையில் இறங்குவதற்கான வாய்ப்பு, போகாதவர்களைவிட 30 சதவீதம் அளவுக்கு அதிகம் என்றார்கள். நன்று. ஆனால், எதனால்? ராபர்ட் புட்னமும் டேவிட் கேம்பெலும் 2010-ல் வெளியிட்ட ‘அமெரிக்கன் கிரேஸ்’ நூலில் இதைத் துருவியிருக்கிறார்கள். நம்பிக்கையின் ஆழத்துக்கும் கொடைக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. தேவாலயத்தில் எத்தனை நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் முடிவுசெய்கிறது. நண்பன் கூப்பிடுகிறான், போகிறோம். நம்பிக்கையே இல்லாமல் மனைவிக்காக வந்து பெஞ்சில் உட்காருகிற கணவனும், அங்கே நாலு பேரோடு பழகிவிட்டால் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறான். ஆக, பிள்ளையைக் கொடையாளி ஆக்குவது கடவுள் நம்பிக்கை அல்ல. கூட நின்று வேலை செய்த பழக்கம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் சமயத்துக்கென்று தனி வரி விலக்கு கொடுக்க ஒரு நியாயமும் மிஞ்சாது.

நான் சொல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கன்னாட் பிளேஸ் பக்கத்தில் இருக்கும் பங்களா சாஹிப் குருத்வாராவுக்குப் போங்கள். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு லங்கர் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சமையலறைக்குள் நுழையலாம். யாரும் தடுக்க மாட்டார்கள், யார் என்றும் கேட்க மாட்டார்கள். மாவு உருண்டைகள் மலையாகக் கிடக்கும். சப்பாத்தி இயந்திரம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தாலும் இன்னொரு பக்கம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கையால் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஆறேழு வயதுப் பிள்ளை ஒன்று அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து இந்தியா வரைபடம் மாதிரி ஒரு சப்பாத்தியைத் தேய்க்கும். யாரும் திருத்த மாட்டார்கள். அதுவும் கல்லுக்குப் போகும், யாரோ ஒருவர் கையில் விழும். கூடத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டித்தான் ரொட்டியை வாங்க வேண்டும். வாசலில் செருப்பு வாங்கி வைக்கும் இடத்தில் நல்ல வேலையில் இருப்பவர்கள், கடை முதலாளிகள், நம்முடைய செருப்பைக் கையால் எடுத்துத் துடைத்து வைப்பார்கள். அந்தப் பிள்ளைக்குப் போதனை எதுவும் தேவையில்லை. வாரா வாரம் வந்தால் போதும்.

2020 ஊரடங்கில் இதே அடுப்புதான் நாளுக்குப் பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டது. டெல்லி போலீஸ் வண்டிகள் சைரன் ஒலிக்கக் குருத்வாராவைச் சுற்றிவந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போயின. நிஜாமுதீனில் கூடித் தொற்றைப் பரப்பினார்கள் என்று தப்லீக் ஜமாத்தினரை நாடே ஏசிக்கொண்டிருந்த நேரத்தில், குணமான அவர்களில் பலர் மருத்துவமனைக்கு வந்து பிளாஸ்மா கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அதற்கு யாரும் சைரன் ஒலிக்கவில்லை.

லங்கரைப் புகழ்ந்தால் போதாது, அது எப்படி நிர்வகிக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1971-ம் ஆண்டின் டெல்லி சீக்கிய குருத்வாராக்கள் சட்டப்படி 46 வார்டுகளிலிருந்து நிர்வாகக் குழு உறுப்பினர்களைச் சீக்கியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சண்டை வரும், வழக்கு வரும், ஊழல் குற்றச்சாட்டும் வரும். ஆனாலும், உண்டியலில் போட்டவர் அடுத்த தேர்தலில் நிர்வாகியை வீட்டுக்கு அனுப்ப முடியும். வேறு எந்தச் சமயத்தின் டெல்லிக் கோயிலில் இது நடக்கும், சொல்லுங்கள்!

கூட உட்கார வைப்பதுதான் சூட்சுமம் என்றால், பிரித்து உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. சேரன்மாதேவி போதும். வ.வே.சு. ஐயர் குருகுலம் தொடங்கினார். தேசபக்தர், அறிஞர், தன்னலமற்றவர். யாரும் மறுக்க முடியாது. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 கொடுத்திருந்தது. ஊரார் பணம். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் ஊருக்கு வந்து சொன்னதும் விஷயம் வெடித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுந்தார்கள், காந்தி சமரசம் பேசிப் பார்த்தார், எடுபடவில்லை. 1925-ல் ஐயரே பாபநாசம் அருவியில் மறைந்தார். நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ‘பெற்றோர் விரும்புகிறார்கள், நாங்கள் என்ன செய்ய’ என்று அன்று குருகுலத்தின் தரப்பில் சொன்ன அதே பதிலை, சமய நிறுவனங்கள் இன்றைக்கும் பிள்ளைகள் விஷயத்தில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பொதுப் பணம் வாங்குகிறவர் பந்தியையும் பொதுவில் வைக்க வேண்டும் என்பதுதான் அன்றைய கோரிக்கை. என்னுடைய கோரிக்கையும் வேறில்லை.

இனி நாடாளுமன்ற வீதிக்கு வருவோம். பங்களா சாஹிபிலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே 11-ம் எண் கட்டடத்தில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளை இருக்கிறது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, இந்த நாட்டின் எந்த மூலையில் இருக்கும் தொண்டு நிறுவனமும் வெளிநாட்டுப் பணத்தை இந்த ஒரே கிளையில்தான் முதலில் வாங்க வேண்டும் என்று ஆக்கினார்கள். கூடலூர் மலையில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறவர்களுக்கும் கணக்கு இங்கேதான். நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகச் சுருங்கியது. பெரிய அமைப்பு வாங்கிச் சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பது தடையாயிற்று. நிர்வாகிகளுக்கு ஆதார் கட்டாயம். உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 8 அன்று, ஆதாருக்குப் பதில் பாஸ்போர்ட்டும் காட்டலாம் என்று தளர்த்தியதைத் தவிர, இதையெல்லாம் சரி என்று சொன்னது. வெளிநாட்டு நன்கொடை அளவோடு எடுத்தால் மருந்து, மிஞ்சினால் போதை என்ற பொருளில் தத்துவமும் பேசியது.

நன்கொடை போதை என்றால் உள்நாட்டு உண்டியல் என்ன, மோரா?

அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து இயங்கும் ‘கம்பேஷன் இன்டர்நேஷனல்’ 2017 மார்ச்சில் இந்தியாவில் கடையை மூடியபோது அதன் உதவியில் இருந்த பிள்ளைகள் சுமார் 1,45,000 பேர். அது கிறிஸ்தவ அமைப்பு, மதமாற்றக் குற்றச்சாட்டு இருந்தது என்பார்கள். சரி, ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் டெல்லி சாணக்கியபுரியில் இருக்கும் கொள்கை ஆய்வு மையமும் யாரை மதம் மாற்றின? அவற்றின் அனுமதியும்தான் போயிற்று. அன்னை தெரசாவின் சபைக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது எந்த நாளில் தெரியுமா? 2021 டிசம்பர் 25. உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்ததும் இரண்டு வாரத்துக்குள் திரும்பக் கொடுத்தார்கள். கூச்சல் போட ஆள் இல்லாத சிறிய அமைப்புகளுக்கு யார் திரும்பக் கொடுத்தது? பெயர், முகவரி, பாஸ்போர்ட் எண்வரை தெரிந்த கொடையாளியின் பணம் சந்தேகத்துக்குரியது; பெயரே தெரியாதவரின் பணம் புனிதமானது. இதுதான் இன்றைய இந்தியாவின் அறக்கொள்கை.

இதற்கு மேல் ஒரு மானியமும் உண்டு. 2018-ல் மத்திய கலாச்சார அமைச்சகம் ‘சேவா போஜ்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டு நிதியாண்டுகளுக்கு 325 கோடி ரூபாய். மாதம் குறைந்தது 5,000 பேருக்கு இலவசமாகச் சோறு போடும் சமய அறநிலையங்கள் நெய், எண்ணெய், சர்க்கரை, மாவு, அரிசி, பருப்பு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியில் மத்திய அரசின் பங்கைத் திருப்பிக் கொடுப்பார்கள். கோயில், குருத்வாரா, மசூதி, தர்கா, தேவாலயம், மடம் என்று பட்டியலே இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனை வாசலில் நோயாளிகளின் உறவினர்களுக்குத் தினமும் கிச்சடி போடும் சாமி இல்லாத ஒரு குழு அதே பருப்புக்கு அதே வரியைக் கட்டும், திரும்ப வராது. பசித்தவன் வயிற்றில் இரண்டும் ஒரே பருப்புதான்.

பணத்தைக் கேட்காத அரசு பிள்ளைகளைப் பற்றியும் கேட்பதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2012-ல் திருத்தம். மதரஸா, வேத பாடசாலை, முதன்மையாகச் சமயக் கல்வி தரும் நிறுவனங்கள் எதற்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று எழுதிவைத்தார்கள். அதாவது ஆறு வயதுப் பிள்ளையை அழைத்துப்போய் மனப்பாடம் மட்டுமே செய்ய வைத்தாலும், கணக்குச் சொல்லிக்கொடுத்தாயா, அறிவியல் சொல்லிக்கொடுத்தாயா என்று இந்தச் சட்டத்தை வைத்துக் கேட்க முடியாது. உத்தரப் பிரதேச மதரஸா வழக்கில் 2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம், கல்வித் தரத்தை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஜன்பத்தில் இருக்கும் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கோ அந்த ஆண்டு மதரஸாக்கள் மட்டும்தான் கண்ணில் பட்டன. வேத பாடசாலைக்குப் போகும் வழி தெரியவில்லை போலிருக்கிறது. ஒரு சமயத்தை மட்டும் கேட்பது கேள்வி அல்ல, வம்பு. எல்லோரையும் கேட்கிற துணிச்சல் இல்லாதபோது யாரையும் கேட்காமல் இருப்பதற்கு மதச்சார்பின்மை என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

அரசமைப்பின் 26-வது கூறைக் காட்டுவார்கள். தங்கள் சொத்தைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமை அதில் இருக்கிறது, உண்மைதான். ‘சட்டப்படி’ என்ற சொல்லும் அதிலேயே இருக்கிறது. படித்துக்கொள்ளட்டும்.

சமயத்தின் மீது எனக்குப் பகை என்று எழுதப்போகிறவர்களுக்காக இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. வருகிறவரின் சாதி, சமயம் அங்கே கேட்கப்படுவதில்லை. திருச்சியில் பெரியார் தொடங்கிய நாகம்மையார் இல்லத்தில் பெற்றவர் யாரென்று தெரியாத பிள்ளைகள் பெரியார், மணியம்மை பெயர்களின் முதலெழுத்துகளையே தலைப்பெழுத்தாகக் கொண்டு வளர்ந்து, படித்து, மணமுடித்துப் போயிருக்கிறார்கள். ஒருவர் அருட்பெருஞ்ஜோதி என்றார், ஒருவர் கடவுள் இல்லை என்றார். சோறும் தலைப்பெழுத்தும் கிடைத்த பிள்ளைக்கு இதில் என்ன வித்தியாசம்? வரிச் சட்டத்துக்கு மட்டும் ஏன் வித்தியாசம் இருக்க வேண்டும்?

டெல்லித் தமிழர்களையே எடுத்துக்கொள்வோம். 1923-ல், அரசாங்கம் கோடைக்குச் சிம்லாவும் குளிருக்கு டெல்லியுமாக இடம் மாறிக்கொண்டிருந்த காலத்தில், குமாஸ்தா வேலைக்கு வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிதான் இன்று டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டிடிஇஏ) ஏழு பள்ளிகளாக நிற்கிறது. அதே சமூகம் ராமகிருஷ்ணாபுரத்தில் மலை மந்திரைக் கட்டி 1973-ல் குடமுழுக்கு செய்தது. இரண்டுக்கும் கொடுத்த கைகள் பெரும்பாலும் ஒரே கைகள்தான். முருகனுக்குப் பெயர் சொல்லாமல் போட்டால் வரி கிடையாது; முருகன் பெயர் கொண்ட மாணவனின் பள்ளிக்குப் பெயர் சொல்லாமல் பெருந்தொகை போட்டால் வரி உண்டு. இரண்டு இடத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

ஆகவே, விலக்கை மீண்டும் கொடுத்ததே தவறு. முதல் மசோதா அரைகுறையாகச் செய்ததை முழுதாகச் செய்திருக்க வேண்டும். ‘சமய நோக்கம்’ என்ற ஒன்றுக்காக எந்த வரிச் சலுகையும் இருக்கக் கூடாது. சோறு போட்டாயா, சிகிச்சை கொடுத்தாயா, படிக்க வைத்தாயா என்ற கேள்விகளுக்குக் கணக்கோடு பதில் சொல்கிறவர்களுக்கு, அவர்கள் மடமாக இருந்தாலும் மன்றமாக இருந்தாலும், முழு விலக்கு கொடுக்கலாம். சொல்ல முடியாதவர்கள் மற்றவர்களைப் போல வரி கட்டட்டும். பெரிய கோயில்கள் முணுமுணுக்கும், பிறகு மருத்துவமனை கட்டும். பத்து ஆண்டில் இந்த நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பாதிக் கூட்டம் குறையும் என்பது என் கணிப்பு.

தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் மக்களவையில் இருக்கிறார்கள். சமூக நீதி பேசாதவர் அவர்களில் யாரும் இல்லை. ஆகஸ்ட் 11 அன்று அந்த இரைச்சலில் இதைக் கேட்க முடியாமல் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தொடர் நடக்கும்போது வெள்ளிக்கிழமை பிற்பகல்கள் தனிநபர் மசோதாக்களுக்கென்றே ஒதுக்கப்படுகின்றன. அந்த 39 பேரில் ஒருவராவது, சமய அறக்கட்டளைக்கும் சமயம் சாராத அறக்கட்டளைக்கும் ஒரே விதி என்று சொல்லும் திருத்தத்தை எழுதிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வராது.